மருதையன் நீட்டிய கை

நொச்சிக்காட்டூர் மருதையனுக்கும் தவமணிக்கும் நடுவே தடையாக நின்றது கொஞ்சம் ரத்தம்தான்.

“மாப்பிள்ளைக்கு ரத்தம் சரியான அளவுல இருக்குன்னு டாக்டர் வாயால சொல்லணும். அப்பத்தான் பொண்ணு” என்று தவமணியின் அப்பா ஒண்டிமுத்து சொல்லிவிட்டார். அவரும் சொன்ன சொல்லைப் பிடித்துத் தொங்கும் அதே ஊர்க்காரர்தான். அதனால் மேற்கொண்டு பேசிப் பயனில்லை.

மருதையன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

“சரியான அளவு எவ்வளவுன்னு சும்மா சொல்லிட முடியாதுப்பா” என்றார் டாக்டர். “உங்க ஊர்ல ஒவ்வொருத்தர் ரத்தமா எடுத்து, எங்கிருந்து எங்க வரைக்கும் இருக்குன்னு பார்க்கணும். அதுதான் அளவு. நாளைக்கு நர்ஸை அனுப்பறேன். ஆனா நோயே இல்லாத ரத்தமா இருக்கணும், சொல்லிட்டேன்.”

அன்று சாயங்காலம் ஊர் கூடியது.

“எனக்கு விடிஞ்சா தும்மல். நான் ஆகமாட்டேன்” என்றார் ஊர்த்தலைவர் சடையப்பர்.

“எனக்குப் பசி வருதுங்க” என்றாள் வெள்ளையம்மா. “சோறு தின்னா நிக்குது. மறுநாள் திரும்ப வந்துடுது.”

“விட்டுவிட்டு வர்ற வியாதி. மோசம்” என்றார் சடையப்பர்.

“எனக்கு இப்பக் கொஞ்ச நேரமா கண்ணு இருட்டுது” என்றார் ஒண்டிமுத்து.

எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். பொழுது சாய்ந்திருந்தது. எல்லோருக்கும் இருட்டியது. ஊரே கதிகலங்கிப் போனது.

“எனக்கு அப்படி இல்லையே” என்றான் மருதையன். “தவமணியை நெனச்சா வெளிச்சமாத்தான் இருக்கு.”

ஆக, ஊரில் நோயில்லாதவன் அவன் ஒருவன்தான். டாக்டர் ஊரார் ரத்தமும் கேட்டார், நோயில்லாத ரத்தமும் கேட்டார். இரண்டையும் மீறக்கூடாது. பேரை ஊரார் கொடுப்பது, ரத்தத்தை மருதையன் கொடுப்பது என்று முடிவானது.

ஊராருக்கு ஊசியைக் கண்டால் பயம் என்று நர்ஸிடம் சொல்லி, ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, நடுவில் ஓட்டை போட்டார்கள். மருதையன் பின்னால் உட்கார்ந்து கையை வெளியே நீட்டினான். முதல் குழாய் ரத்தம் அவன் பேரிலேயே போனது.

“அடுத்தது வெள்ளையம்மா!” என்று கத்தினார் சடையப்பர்.

நர்ஸ் ரெஜினா கையைப் பார்த்தார். “பொம்பளைக்கு இவ்வளவு முடியா?”

“அப்பா ஜாடைங்க.”

“போனவருக்கும் இதே இடத்துல மச்சம் இருந்துச்சே?”

“ஒரே ஊருதானேம்மா!”

நர்ஸ் பல நாள் வந்தார். மருதையன் பல நாள் கையை நீட்டினான். போகப்போக அவன் முகம் அந்த வேட்டியைவிட வெளுத்தது. “பொறுத்துக்கடா, தவமணிக்காக” என்று ஊர் தேற்றியது.

ஒருவழியாக டாக்டர் அளவை முடிவு செய்தார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஊர் மொத்தமும் நடுவே அடங்கியது. “இப்ப உன் ரத்தத்தைக் குடு” என்றார். மருதையன் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தான்.

டாக்டர் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். “ஊரே நல்லாருக்கு. நீ மட்டும் கீழ்க்கோட்டுக்கும் கீழ போயிட்டியேப்பா.”

“கல்யாணம் நின்னுபோச்சு” என்றார் ஒண்டிமுத்து.

“மாமா! முதல் நாள் என் பேர்ல எடுத்த குழாய்ல ரத்தம் சரியாத்தானே இருந்துச்சு?” என்று அழுதான் மருதையன்.

ஒண்டிமுத்து தலையாட்டினார். “நியாயம்தான். அந்தக் குழாய்ல இருக்கற மருதையனுக்கே பொண்ணைத் தர்றேன். நீ மாப்பிள்ளைத் தோழனா வந்துடு.”

“குழாய் குறட்டை விடாதில்ல? எனக்குச் சம்மதம்” என்றாள் தவமணி.

முகூர்த்த நாளில் குழாயை மணையில் வைத்து மாலை போட்டார்கள். மாலைக்குள் மாப்பிள்ளை மறைந்துபோனார். கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை அசையவில்லை.

“கூச்சம்” என்றார் சடையப்பர்.

“கை இல்லீங்க” என்றாள் வெள்ளையம்மா.

உடனே அந்தப் பழைய வேட்டியைக் கட்டி, அவசரமாக இன்னொரு ஓட்டையும் போட்டார்கள். இரண்டு கைகள் வெளியே வந்தன. தாலியை எடுத்து மூன்று முடிச்சும் போட்டன.

விருந்துக்கு வந்திருந்த நர்ஸ் ரெஜினா எட்டிப் பார்த்தார். “இதென்ன, குழாய்க்கும் அதே மச்சமா?”

“ஒரே ஊருதானேம்மா!” என்றது ஊர்.