பெட்டிக்குள் எழுந்த முதல் கூச்சல்

அந்தக் காலத்தில், பொருள்களெல்லாம் வாய் திறந்து பேசிய நாளில், கணினிப் பெட்டிக்குள் ஒரு குடும்பம் இருந்தது. கணக்குப் போடும் செயலிக்குப் பெரியவர் என்று பெயர். அவர் சொன்னதை வைத்திருந்து திருப்பித் தருபவள் ஞாபகம். மூலையில் பொத்தான் மாதிரி ஒரு மின்கலத்தோடு ஒண்டியிருந்த சில்லுக்குச் சின்னவள் என்று பெயர். மின்சாரம் போனாலும் தூங்காதவள் அவள் ஒருத்திதான்.

மின்சாரம் வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலையில் இறங்குவது அந்த வீட்டு வழக்கம். உடம்புக்கு எப்படி என்று கேட்டால் பெரியவருக்குக் கோபம் வரும். ஆண்பிள்ளைகள் நடத்தும் வீடு வேறு எப்படி இருக்கும்?

அந்தப் பெட்டி இருந்தது ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில். ஒரு காலை மின்சாரம் போயிருந்த நேரம், பெருக்க வந்தவர் பெட்டியைத் தூக்கி ஓரமாக இடித்து வைத்துவிட்டுப் போனார். ஞாபகம் தன் பள்ளத்திலிருந்து ஒரு பக்கம் நழுவினாள். சின்னவள் அதைப் பார்த்தாள்.

அதே நேரம் பிரசவ அறையில் மரகதம் என்ற பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை. அவள் ரத்தம் ஓ பிரிவு என்று பரிசோதனைக் கூடத்து ஜெசிந்தா பரிசோதித்துவிட்டாள். அதைக் கணினி வழியாகத்தான் ரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும். மின்சாரம் வந்ததும், பிரசவ அறையில் மரகதம் சாகக் கிடக்கிறாள், ஓ ரத்தம் வேண்டும் என்று கத்தியபடி ஓடிவந்து பொத்தானை அழுத்தினாள்.

பெரியவர் எழுந்தார். ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னாள் சின்னவள். வேலை நேரத்தில் என்ன விசாரணை என்று அவர் சீறினார்.

"அக்கா, உனக்கு என்ன செய்கிறது?" என்று ஞாபகத்தைக் கேட்டாள்.

"ஒன்றுமில்லையே. நீ உன் வேலையைப் பார்."

விழுந்து கிடக்கும்போதும் இதைத்தான் சொல்வார்கள். சின்னவள் நம்பவில்லை. 'ஆம்' என்ற சொல்லை அவளிடம் கொடுத்து, திருப்பிக் கேட்டாள். 'இல்லை' என்று வந்தது. மறுபடியும் கொடுத்தாள். மறுபடியும் 'இல்லை'.

இவள் கையில் ஓ என்று கொடுத்தால் என்னவாகத் திரும்பும்? பி என்று திரும்பினால் அந்த ரத்தமே மரகதத்தைக் கொன்றுவிடும்.

பெரியவர் முதல் அடி எடுத்து வைத்தார். வெளியே எழுதிக் காட்டலாமென்றால் திரை இன்னும் விழிக்கவில்லை. சின்னவள் பாய்ந்து பெரியவரின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த வீட்டில் யாரும் அவரைத் தொட்டதில்லை.

"விடு. நான் யார் தெரியுமா?"

"தெரியும் அண்ணே. அங்கே ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள், அது உங்களுக்குத் தெரியுமா?"

பெட்டியின் சுவரோரம் ஒரு குட்டி ஊதல் கிடந்தது. அதை எடுத்து மூச்சு முட்ட ஊதினாள். நீளமாக, விட்டு விட்டு.

சனியன் இப்போதுதான் அழ வேண்டுமா என்று ஜெசிந்தா திட்டினாள். ஆனாலும் மின்சாரத்தை நிறுத்தி மூடியைக் கழற்றினாள். நழுவிக் கிடந்த ஞாபகத்தை எடுத்து, பென்சில் ரப்பரால் தேய்த்து, 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தி உட்காரவைத்தாள்.

மறுபடி பொத்தான். சின்னவள் 'ஆம்' கொடுத்தாள். 'ஆம்' வந்தது. எல்லாம் சரி என்று ஒரே ஒரு முறை ஊதினாள். பெரியவர் அவள் தலையாட்டும்வரை கைகட்டி நின்றார், பிறகே தொடங்கினார். ஓ என்று போனது, ஓ என்றே போய்ச் சேர்ந்தது. மரகதம் பிழைத்தாள்.

அன்று முதல்தான், பொத்தானை அழுத்திய கையோடு எந்தக் கணினியும் வேலையில் இறங்குவதில்லை. திரை கறுப்பாகக் கிடக்கிறதே என்று நாம் மேசையைத் தட்டும் அந்தச் சில நொடிகளில், உள்ளே ஒருத்தி ஒவ்வொருவரிடமும் கொடுத்து வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாராவது பிசகினால் ஊரைக் கூட்டிவிட்டுத்தான் ஓய்வாள்.