மரத்தில் தொங்கிய அரசனின் போன்

முன்பு ஒரு காலம் இருந்தது. அதில் ராஜாக்களும் இருந்தார்கள், செல்போன் கோபுரங்களும் இருந்தன. அந்தக் காலத்தில் பாதி நகரமும் பாதி மலைக்காடுமாக ஒரு நாடு. நகரத்துப் பாதியில், ஜன்னல்கள் அதிகமும் மனிதர்கள் குறைவுமாக ஓர் அரண்மனை. அதில் ஓர் அரசன்.

அரசி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகள் கடலுக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை காலைகளில் அவள் போன் செய்வாள். அப்போது அரசன் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வான். அவனை ‘அப்பா’ என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான்.

வாரத்தின் மற்ற பொழுதையெல்லாம் நிரப்புவது விகடகவி கூத்தபிரானின் வேலை.

கூத்தபிரானின் ஊர் சுனைக்காடு, மலையின் நடு மடிப்பில் இருந்தது. அவன் மனைவி பிச்சம்மை அங்கே காட்டையும் ஆடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போய்வர அவன் விடுப்புக் கேட்கும்போதெல்லாம் அரசனின் முகம் வாடும். “அடுத்த மாதம் போகலாமே” என்பான். அடுத்த மாதங்கள் வந்து வந்து போயின.

சுனைக்காட்டில் எல்லோரிடமும் போன் இருந்தது. சிக்னல்தான் இல்லை. ஊருக்கு மேலே பாறை விளிம்பில் ஓர் இலுப்பை மரம் நின்றது. அதன் ஒரு கிளையின் நுனியில் மட்டும், எந்த மலை இடுக்கு வழியாகவோ, கொஞ்சம் சிக்னல் வந்து விழுந்தது. ஊர்க்காரர்கள் தங்கள் போன்களைத் துணிப்பையில் போட்டு அந்தக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அங்கிருந்து கையில் எடுத்தால் சிக்னல் கோடுகள் மறைந்துவிடும். அதனால் வீட்டுக்கு ஒருவராக முறை போட்டு மரத்தில் உட்கார்ந்தார்கள். மணி அடித்தால் மரத்தில் இருப்பவர் ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்பார். கேட்டதைக் கீழே ஊரைப் பார்த்துக் கூவுவார். ஊர் திருப்பிக் கூவும் பதிலைப் போனுக்குள் சொல்வார். இதற்கு ஊரில் மரமுறை என்று பெயர்.

மரமுறையில் பிறப்பைச் சொல்லலாம், சாவைச் சொல்லலாம், கத்தரி விலையைச் சொல்லலாம். ஆனால் ஊரே காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது சொல்ல முடியாத பேச்சும் உலகத்தில் இருக்கிறதே, அதைச் சொல்ல முடியாது. கூத்தபிரானும் பிச்சம்மையும் நெடுங்காலமாக நலம் மட்டுமே விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் மரத்திலிருந்து அவனுக்குச் சேதி வந்தது.

“அண்ணே, மதனிக்கு உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணுமாம். ஆனா மரத்துல சொல்ல மாட்டாங்களாம்.”

அன்றிலிருந்து கூத்தபிரானுக்குச் சோறு இறங்கவில்லை. ஏதாவது புரியுமா என்று அவள் எப்போதோ அனுப்பிய புகைப்படத்தைத் திறந்து பார்ப்பான். நெட் பாதியில் நின்றுபோனதால் அது நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும்தான் வந்திருந்தது. கண்களை வைத்துக்கொண்டு அவள் சிரிக்கிறாளா, பல்லைக் கடிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

சபை கூடியபோது அவன் அரசன் முன் போய் நின்றான்.

“மன்னா, இன்று நகைச்சுவை இல்லை. ஒரு விண்ணப்பம். விடுப்புத்தான் தரமாட்டீர்கள். எங்கள் ஊருக்கு ஒரு கோபுரமாவது கொடுங்கள். என் மனைவி சொல்ல நினைப்பதை நான் மட்டும் கேட்க வேண்டும்.”

கோபுர அமைச்சர் அனந்தவீரர் எழுந்தார். அரசன் சிரிக்கும்போதெல்லாம் அது கூத்தபிரானால் வந்த சிரிப்பு என்பதில் அவருக்கு நீண்டநாள் எரிச்சல். ஆட்களை விட்டுப் பெரிய வரைபடம் ஒன்றைச் சபையில் விரித்தார். நாடு முழுவதும் பச்சை வண்ணம் பூசியிருந்தது. அரண்மனை இருந்த இடத்தில் எந்தப் பச்சையோ, சுனைக்காட்டிலும் அதே பச்சை.

“பச்சை என்றால் குறைவற்ற சேவை, அரசே. கீழே இருப்பது தங்கள் முத்திரை. தங்கள் முத்திரை பொய் சொல்கிறது என்கிறாரா விகடகவி?”

ஆம் என்றால் ராஜத்துரோகம். இல்லை என்றால் கோபுரம் கிடையாது. சபை கூத்தபிரானின் வாயையே பார்த்தது.

“ஒருமுறை பேசிப் பார்த்துவிடலாமே, மன்னா” என்றான் அவன்.

அரசன் பிச்சம்மையின் எண்ணுக்கு அடித்தான். நெடுநேரம் மணி போனது. பிறகு காற்றின் இரைச்சலோடு ஒரு குரல் கேட்டது.

“யாருங்க?”

“நாம் இந்நாட்டு மன்னர் பேசுகிறோம்.”

“சரிங்க. நான் இருளப்பன், இன்னிக்கு மரமுறை. யாருக்குச் சேதி?”

“பிச்சம்மையிடம் பேச வேண்டும்.”

“பேச முடியாதுங்க, அவங்க காட்டுல இருக்காங்க. சொல்லுங்க, கூவுறேன்.”

“நலமா என்று கேள்.”

இருளப்பனின் குரல் போனிலிருந்து விலகி மலைக்குள் இறங்கியது. “மதனீ… ராஜா கேக்குறாரு… நல்லாருக்கீங்களான்னு…” எங்கோ ஆழத்திலிருந்து ஏதோ பதில் எழுந்து வந்தது. நடுவில் வேறு சில குரல்களும் கலந்தன.

“நல்லாருக்காங்களாம். ராஜா சாப்ட்டாரான்னு கேக்குறாங்க. அப்புறம் எங்க சின்னய்யா, மழை எப்பன்னு ராஜாகிட்டக் கேக்கச் சொல்றாரு.”

போன் கட்டாகிவிட்டது.

அனந்தவீரர் கைகளை விரித்தார். “மணி அடித்தது, எடுத்தார்கள், பதில் வந்தது. சேவை என்பது இதுதானே, அரசே?”

அரசனுக்கு வழக்கு விசாரிக்கப் பிடிக்காது. சீக்கிரம் முடிந்தால் போதும். “பச்சை ஒன்றே. சுனைக்காட்டில் எந்தச் சேவையோ அதுவே அரண்மனையிலும். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்பவனையோ காட்டுபவனையோ நாடு கடத்துவோம்” என்று ஆணையிட்டான்.

“உத்தரவு. நிறைவேற்ற அனுமதி உண்டா, மன்னா?” என்று கேட்டான் கூத்தபிரான்.

இதில் நிறைவேற்ற என்ன இருக்கிறது என்று யோசிக்காமலே அரசன் தலையசைத்தான். சபை கலைந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அரசன் விழித்ததும் தலையணைப் பக்கம் கையை விட்டான். போன் இல்லை. வெளியே எட்டிப் பார்த்தான். தோட்டத்து மகிழமரத்தில், உயரமான ஒரு கிளையில், போன்கள் பை பையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அரசனுடையது பட்டுப்பை. அமைச்சர்களுடையது, தளபதியுடையது, சமையல்காரருடையது எல்லாம் பக்கத்தில் ஆடின. கிளையில் அரண்மனைக் கட்டியக்காரர் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அரசனின் பட்டங்களைக் கூவிக் கூவி ஏழு தெருவுக்குக் கேட்கும் தொண்டை அவருடையது.

அரசன் படியிறங்கி வந்தான். “கூத்தபிரானே, என்ன இது?”

“சுனைக்காட்டுச் சேவை, மன்னா. அங்கே போன் மரத்தில் தொங்கும். கையில் எடுக்கக் கூடாது. இங்கேயும் அப்படியே செய்துவிட்டேன். பச்சை ஒன்றே அல்லவா?”

“இறக்கு.”

“தாராளமாக. ஆனால் வித்தியாசம் காட்டியவரை நாடு கடத்தும்படி ஆணை இருக்கிறதே. தங்களை எந்த நாட்டுக்கு அனுப்புவது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.”

அரசனுக்குக் கோபமும் வந்தது, உதட்டோரம் ஏதோ துடிக்கவும் செய்தது. அதற்குள் மரத்தில் மணி அடித்தது. அமைச்சரின் பை. அனந்தவீரர் ஓடி வருவதற்குள் கட்டியக்காரர் ஸ்பீக்கரைப் போட்டுக் காது கொடுத்துவிட்டார்.

“கோபுர அமைச்சருக்கு!” என்று அவர் முழங்கினார். “கொல்லன் பேசுகிறான். சுனைக்காட்டுக்கு என்று வந்த கோபுர இரும்பை வளைத்து அமைச்சர் வீட்டு ஊஞ்சல் பந்தலை முடித்துவிட்டானாம். மிச்சத்தில் கோழிக்கூடு செய்யட்டுமா என்று கேட்கிறான்.”

கூட்டத்தில் சமையல்காரர் முதலில் சிரித்தார். அவரைத் தொடர்ந்து எல்லோரும் சிரித்தார்கள். அனந்தவீரர் தரையில் எதையோ தொலைத்தவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே பட்டுப்பை ஒலித்தது.

“இளவரசியார்!” என்றார் கட்டியக்காரர்.

அரசன் மரத்தடிக்கு விரைந்தான். சுற்றிலும் சபையோர் நின்றார்கள்.

“அங்கே மழையாம், மன்னா! பனியும் சேர்ந்து பெய்கிறதாம்!”

“சாப்பிட்டாளா, கேள்.”

“சாப்பிட்டாராம்!”

“வேறென்ன?”

கட்டியக்காரர் கேட்டார். கொஞ்ச நேரம் பைக்குள் காதை வைத்திருந்தார். அவருடைய குரல் தானாகவே தணிந்தது.

“‘அப்பா, எனக்கு இங்கே’ என்று ஆரம்பித்தார், மன்னா. பிறகு நிறுத்திவிட்டு, பேசுவது யார், பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்.”

அரசன் சுற்றிலும் பார்த்தான். தளபதி, தோட்டக்காரர், சமையல்காரர், பல்லக்குத் தூக்கிகள். எல்லோரும் இருந்தார்கள்.

“எல்லோரும் இருக்கிறார்கள் என்று சொல்” என்றான்.

கட்டியக்காரர் சொன்னார். பதில் உடனே வந்தது.

“சரி, ஒன்றுமில்லையாம். நன்றாகத்தான் இருக்கிறாராம். வைத்துவிட்டார், மன்னா.”

அரசன் கிளையைப் பார்த்தபடியே நின்றான். பட்டுப்பை காற்றில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. ‘எனக்கு இங்கே’ என்பதற்குப் பிறகு என்ன வந்திருக்கும்? அதைக் கடல் விழுங்கவில்லை. பனி விழுங்கவில்லை. மகள் தானே திரும்ப விழுங்கிக்கொண்டாள்.

கூத்தபிரான் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்றான். அவன் முகத்திலும் வெற்றி எதுவும் இல்லை.

“உன் மனைவியும் இப்படித்தான் வைத்துவிடுவாளா?” என்று அரசன் கேட்டான். ‘நாம்’, ‘நமது’ என்னும் அரச தோரணை அந்தக் குரலில் இல்லை.

“நாள்தோறும், மன்னா.”

“என்ன சொல்ல நினைக்கிறாள்?”

“தெரியாது. அதற்குத்தான் கோபுரம் கேட்டேன்.”

அரசன் திரும்பிச் சபையோரிடம் பேசினான். “முத்திரை நம்முடையது. பொய்யும் நம்முடையதே. பார்க்காமல் பதித்தோம்.” அனந்தவீரரின் ஊஞ்சல் பந்தல் அன்றே பிரிக்கப்பட்டது. போன்கள் இறக்கப்பட்டன. சுனைக்காட்டில் கோபுரம் எழும்வரை அமைச்சரே அங்கு போய் மரமுறை உட்கார வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அங்கே அவர் நன்றாகத்தான் கூவினார் என்று சொல்கிறார்கள். ஆடு தொலைந்தது, மாடு ஈன்றது, மருமகள் கோபித்துக்கொண்டு போனது எல்லாம் அவர் தொண்டை வழியாகப் போய் வந்தன. “நேத்தைக்கு இதைவிடச் சத்தமாக் கேட்டுச்சே சாமி, இன்னிக்குச் சாப்பிடலையா?” என்று கீழேயிருந்து கேட்பார்களாம். கடைசி நாளில் அவரை மரத்திலிருந்து இறக்கும்போது இருளப்பனின் சின்னய்யா கண்கலங்கினாராம்.

மழை ஓய்ந்தபோது கோபுரத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சுனைக்காட்டில் பைகளை அவிழ்த்து ஆளுக்கொரு போனைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். மரத்தடியில் யாரும் இல்லை.

அன்று பிற்பகல் கூத்தபிரானின் போன் ஒலித்தது. அவன் எடுத்துக்கொண்டு, அரண்மனைக் குளத்தின் மறுகரைக்கு, யார் காதுக்கும் எட்டாத இடத்துக்கு நடந்தான். அரசன் மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாடே வாயைப் பிளந்து கேட்கும் விகடகவி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். நடந்தான், நின்றான். ஒருமுறை படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தான். நிழல்கள் குளத்தைத் தாண்டி நீளும்வரை அது நடந்தது.

அவன் திரும்பி வந்ததும் அரசன் தாங்காமல் கேட்டான். “என்ன சொன்னாள்? சொல்லக் கூடாததென்றால் வேண்டாம்.”

“திட்டினாள், மன்னா.”

“திட்டினாளா?”

“முழுசாக. நடுவில் ஒரு இடத்திலும் கட்டாகவில்லை. இத்தனை காலமும் சேர்த்து வைத்திருக்கிறாள். ஊர் முன்னால் புருஷனைத் திட்டினால் ஊர் என்னைக் கேவலமாக நினைக்குமாம், அதனால் மரத்தில் திட்டவில்லையாம். ‘அரமனையில போயி ஊரான் சிரிக்கக் கோமாளி வேஷம் போடுற, இங்க ஒருத்தி சிரிச்சு எத்தனை காலமாச்சுன்னு தெரியுமா உனக்கு’ என்று கேட்டாள். பிறகு அழுதாள். பிறகு மறுபடியும் திட்டினாள். எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுவதையும் அப்போதுதான் சொன்னாள்.”

“நீ என்ன சொன்னாய்?”

“ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன நன்றாக இருந்தது, மன்னா.”

அரசன் தயங்கினான். “நம்மையும் திட்டினாளா?”

“தங்களைத்தான் முதலில் திட்டினாள்.”

“என்னவென்று?”

“‘அந்த ராசாவுக்குப் பொழுது போகலைன்னா ஒரு நாயை வளக்கச் சொல்லு’ என்று.”

அரசன் சிரித்தான். முதலில் வாய்க்குள், பிறகு தோள் குலுங்க, பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு. காவலர்கள் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்கள். சிரித்து முடித்தபோது அவன் கண்கள் நனைந்திருந்தன. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கையில் வைத்தான்.

“இது உனக்கில்லை, திட்டியவளுக்கு. நீயே கொண்டுபோய்க் கொடு. எப்போது திரும்புவது என்று அவளிடம் கேட்டுக்கொள்.”

கூத்தபிரான் அன்று மாலையே மலைப்பாதையில் ஏறினான்.

அவன் போன பிறகு அரண்மனையின் ஜன்னல்கள் எல்லாம் இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. வெள்ளிக்கிழமை மகள் பேசினாள். ‘எனக்கு இங்கே’ என்று மறுபடி ஆரம்பித்து, இந்த முறை முடிக்கவும் செய்தாள். அவள் சொன்னது அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் இடையில் இருக்கட்டும். பேசி முடித்ததும், அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் அரசனுக்கு இருந்தது. கூத்தபிரானுக்கு அடித்தான்.

மணி சுத்தமாக, உடையாமல், பக்கத்து அறையில் ஒலிப்பதுபோல் ஒலித்தது. மலைகளையெல்லாம் தாண்டிப்போய் ஒரு கூரைக்குள் அது அடிப்பதை அரசனால் கேட்க முடிந்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அரசன் போனைக் கீழே வைத்தான். கதவு சாத்திய அறையில் தனியாக உட்கார்ந்து, யாருக்கும் கேட்காதபடி ஒருமுறை சிரித்தான். அதன்பின் தன் விகடகவிக்கு அவன் தன் ஆயுளிலேயே பெரிய பரிசைக் கொடுத்தான். மறுபடி அடிக்கவில்லை.