ஓரகத்தி போட்ட மணிச்சரம்

அந்தக் காலத்தில் புறாக்களுக்கெல்லாம் வெறுங்கழுத்து. மயிலுக்குத் தோகை இருந்தது, சேவலுக்குக் கொண்டை இருந்தது, புறாவுக்கு மட்டும் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அதற்காக எந்தப் புறாவும் அழுததாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டிலும் இல்லாத ஒன்றுக்கு யார் ஏங்கப் போகிறார்கள்?

நொய்யல் ஆற்றோரம் ஒரு வெள்வேல மரத்தில் அண்ணன் தம்பி இரண்டு புறாக்கள் குடித்தனம் செய்தன. அண்ணன் பெண்டாட்டி வெள்ளாத்தாள். வெளுத்த சாம்பல் நிறம், நிமிர்ந்த நடை. தம்பி பெண்டாட்டி செவந்தி. பேருக்கு ஏற்ற நிறம், வாயைத் திறந்தால் “அக்கா, அக்கா”தான். செவந்தி கலியாணமாகி வந்த புதிதில் கூடு கட்டக் கற்றுக்கொடுத்தவள் வெள்ளாத்தாள். புறா கட்டுகிற கூட்டின் லட்சணம் ஊருக்கே தெரியும், நாலு சுள்ளியைக் குறுக்கே போட்டால் முடிந்தது. அதற்கும் ஒரு வாத்தியார்! ஆனாலும் செவந்தி அதை மறக்கவில்லை.

வெள்ளாத்தாளுக்கு ஒரு பெருமை உண்டு. அந்த வட்டாரத்தில் எந்தப் பறவை வீட்டில் விசேஷம் என்றாலும் தலையில் சீர்த்தட்டு வைத்து முன்னால் நடக்கிறவள் அவள்தான். அந்த ஒன்றுக்காகத்தான் அவள் வருஷமெல்லாம் இறகு கோதினாள்.

ஆற்றங்கரையில் மருதாயி என்று ஒருத்தி இருந்தாள். கல்லைத் துளைத்து மணி செய்து, நூலில் கோத்து விற்கிறவள். துளைக்கும்போது துள்ளி விழுகிற பொடிமணி மணலில் புதைந்தால் மனுஷக் கண்ணுக்கு அகப்படாது. மேயப் போன இடத்தில் செவந்தி அதையெல்லாம் பொறுக்கி மருதாயியின் முறத்தில் போட்டுவிட்டு வருவாள். யாரும் கேட்கவில்லை, அவளாகச் செய்தாள். ஒரு மாதம் பார்த்துவிட்டு மருதாயி கூப்பிட்டாள்.

“இங்க வா கண்ணு. கழுத்தை நீட்டு.”

கடுகளவு வெள்ளை மணிகளைக் கருப்பு நூலில் கோத்து மூன்று சரம் கட்டிவிட்டாள். முதல் சரம் தொண்டையை ஒட்டி நின்றது. இரண்டாவது ஒரு நெல்லளவு இறங்கி, மூன்றாவது இன்னும் கொஞ்சம் இறங்கி.

“எல்லாம் ஒரே நீளத்துல இருந்தா ஒண்ணையொண்ணு தின்னுபோடும்” என்றாள் மருதாயி. “நடுவுல எடம் விட்டாத்தான் மூணும் மூணாத் தெரியும்.”

செவந்தி நேராக ஓரகத்தியிடம்தான் பறந்து வந்தாள்.

“அக்கா, நல்லாருக்குதுங்களா?”

“ம், இருக்குது” என்றாள் வெள்ளாத்தாள். “வெயில் காலத்துக்குக் கழுத்துல வேர்க்குரு வராம இருந்தாச் சரி.”

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு அவளுக்கு இரை இறங்கவில்லை. மைனா வந்து செவந்தியைப் பார்த்தது, தவிட்டுக்குருவிகள் ஏழும் வரிசையாக வந்து பார்த்தன. கண்ணே சரியாகத் தெரியாத கிழட்டு ஆந்தைகூட வந்து, “அம்மிணிக்கு எடுப்பா இருக்குது” என்று சொல்லிப் போனது. பக்கத்துக் கிளையில் வெள்ளாத்தாள் உட்கார்ந்திருப்பது யார் கண்ணிலும் படவில்லை.

அந்த வாரமே மைனா வீட்டில் கலியாணம் வந்தது. அழைக்க வந்த மைனாவின் தாய் கொஞ்சம் இழுத்தாள்.

“வெள்ளாத்தாக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. சீர்த்தட்டை இந்தத் தடவை செவந்தி எடுக்கட்டுமுங்க. மணி போட்டவ முன்னால நடந்தா பாக்க லட்சணமா இருக்கும். நீங்க அவ பின்னால வாங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா?”

“அதுக்கென்ன, தாராளமா எடுக்கட்டும்” என்று சிரித்தாள் வெள்ளாத்தாள். அந்தச் சிரிப்பை நம்பியவள் செவந்தி ஒருத்திதான். இருந்தும் அவள், “வேண்டாமுங்க்கா, எப்பவும்போல நீங்களே எடுங்க. இதுல ரெண்டு சரத்தை நீங்க போட்டுக்குங்க” என்றாள்.

அதுதான் வெள்ளாத்தாளுக்குத் தாங்கவில்லை. போட்டுக்குங்க என்று தானம் பண்ண இவள் யார்? சுள்ளி எடுக்கக்கூடத் தெரியாமல் வந்தவள்! விருட்டென்று மருதாயியிடம் போனாள்.

“எனக்கும் சரம் வேணும். ஒம்பது சரம்.”

“நீ யாரு கண்ணு?”

“செவந்திக்கு மூத்தவ.”

“செவந்திக்கு வேண்டப்பட்டவளா? அப்பச் சரி, தர்றேன்” என்றாள் மருதாயி. அந்தச் சொல்லும் முள்ளாகக் குத்தியது. “ஆனா உன்ர கழுத்து நீளத்துக்கு மூணு தாங்கும். ஒம்பது ஆகாது.”

“அவளுக்கு மூணு. எனக்கு ஒம்பது.”

மருதாயி ஒன்பது நீளத்தில் ஒன்பது சரம் கட்டிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் வெள்ளாத்தாள் ஆற்றுத் தண்ணீரில் பார்த்தாள். கடைசிச் சரங்கள் நெஞ்சு இறகுக்குள் மறைந்து கிடந்தன. கண்ணுக்குத் தெரியாத சரம் எதற்கு? எல்லாவற்றையும் சுருக்கி, ஒன்பதையும் ஒரே நீளத்தில் தொண்டையோடு இறுக்கி முடிந்துகொண்டாள். மூச்சு கொஞ்சம் முட்டியது. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

கலியாண வீட்டு வாசலெல்லாம் விருந்துக்கு வெள்ளைச் சோளம் இறைத்திருந்தார்கள். வெள்ளாத்தாள் கழுத்தை நிமிர்த்தி நடந்து வந்தாள். கவுதாரி ஓடி வந்து உற்றுப் பார்த்தது.

“ஏனுங்க்கா, கழுத்துல சுளுக்குங்களா? பத்துப் போட்டிருக்கீங்க?”

தவிட்டுக்குருவிகள் ஏழும் ஒரே நேரத்தில் சிரித்தன. ஒரு குருவி சிரித்தாலே ஊர் கேட்கும். ஒன்பது சரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கட்டி மாதிரி உருண்டு நின்றது. முன்னால் செவந்தியின் மூன்று சரமும் தனித்தனியாக மின்னின.

ஊர்வலம் கிளம்பியது. தட்டோடு செவந்தி முன்னால், வெள்ளாத்தாள் பின்னால். அவள் கண்ணுக்கு நேரே செவந்தியின் பிடரியில் அந்த முடிச்சு. ஒரு கொத்து கொத்தினால் போதும், மூன்றும் அறுந்து மண்ணோடு மண்ணாகிவிடும். தட்டு மறுபடியும் தன் தலைக்கு வரும்.

எட்டிக் கவ்வினாள். இழுத்தாள். மருதாயி போட்ட முடிச்சு அறுபடவில்லை. சரங்கள் மட்டும் சுற்றிக்கொண்டு, முன்னால் இருந்த மணியெல்லாம் பின்கழுத்துக்கு வந்தன.

தலையில் தட்டு இருந்ததால் செவந்தியால் திரும்ப முடியவில்லை. “அக்காவுங்களா? முடிச்சு தளந்திருச்சா? நல்லா இறுக்கி விடுங்க” என்றாள். “நீங்க பின்னால இருக்கற தைரியத்துலதானுங்க்கா இத்தனை பேருக்கு முன்னால நான் நடக்கறேன்.”

நீங்களோ நானோ என்றால் அந்த இடத்தில் விட்டிருப்போம். வெள்ளாத்தாளுக்கும் ஒரு நொடி அலகு தளர்ந்ததுதான். பிறகு அந்த மணிகள் மறுபடியும் கண்ணில் பட்டன. கழுத்தைப் புடைத்துக்கொண்டு பலம்கொண்ட மட்டும் இழுத்தாள்.

படபடவென்று அறுந்தன, அவளுடைய ஒன்பது சரமும்.

மணிகள் சோளத்தோடு சோளமாகச் சிதறின. பசியோடு காத்திருந்த விருந்தாளிகள் எது சோளம், எது மணி என்று பார்க்கவா போகிறார்கள்? கவுதாரி, காடை, குருவி எல்லாம் கொத்தித் தீர்த்தன. செவந்தி தட்டைப் போட்டுவிட்டு, “கொத்தாதீங்க, அது எங்கக்கா மணி!” என்று குறுக்கும் நெடுக்கும் ஓடினாள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெள்ளாத்தாளின் பிடரியில் கருப்பு நூல் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது.

“அழாதீங்க்கா. இதை எடுத்துக்குங்க, மூணும் உங்களுக்குத்தான்” என்று செவந்தி தன் சரத்தை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு அசையவில்லை. முன்பக்கம் திருப்பப் பார்த்தாள், அதற்கும் வரவில்லை. இழுத்த இழுப்பில் அது அப்படி இறுகிப் போயிருந்தது.

அது ஏன் இறுகியது என்று வெள்ளாத்தாளுக்குத் தெரியும். எழும்பிப் பறந்தாள். மரத்துக்குத் திரும்பவில்லை, ஊருக்கு வெளியே கள்ளி வேலியில் போய் உட்கார்ந்தாள்.

அன்று முதல்தான் செவந்தியின் வம்சமான புள்ளிப்புறாவுக்குப் பிடரியில் மணிச்சரம். வெள்ளாத்தாளின் வம்சமான கள்ளிப்புறாவுக்குப் பிடரியில் ஒற்றைக் கருப்பு நூல். அறுவடைக்குப் பிறகு இரண்டும் ஒரே சோளக்காட்டில்தான் மேய்கின்றன. முன்னால் போகிறவள் அந்த மணியை ஒருநாளும் பார்த்ததில்லை. பின்னால் வருகிறவள் வேறு எதையும் பார்ப்பதில்லை.