முத்திரை குத்திய செருப்பு

நெடுங்கரைச் சீமையை ஆண்ட குமரவல்லப மகாராஜாவுக்கு எல்லாமே பெரிது. கோட்டை பெரிது, மீசை பெரிது, தொப்பையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பாதம் மட்டும் பத்து வயதுப் பிள்ளையின் பாதம் அளவுதான். அரண்மனைப் புலவர்கள் அதைத் தாமரை என்று பாடிப் பாடியே பரிசு வாங்கினார்கள். மற்றவர்கள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. மனிதனுக்குத் தன் தலைமேல் ஆசை இருக்காதா?

அந்த அரண்மனையில் தளவாடச் சாவடி என்று ஒன்று இருந்தது. வேல் முதல் வெல்லம் வரை படைக்கு வேண்டியதையெல்லாம் வாங்கிச் சேர்ப்பது அதன் வேலை. இருளப்பன் அங்கே குதிரைக்குக் கொள்ளு அளப்பவனாகச் சேர்ந்தான். பிறகு யானைச் சங்கிலி, அப்புறம் கூடாரம் என்று பதினாறு வருஷம் படிப்படியாக ஏறி உதவி அதிகாரியாகிவிட்டான். இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி. அந்தப் படியில் தலைமை அதிகாரி மல்லப்பர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

சாவடியில் ஒரு வழக்கம். எதை வாங்கினாலும் முதலில் ஒரு மாதிரி செய்து ராஜாவிடம் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் அரச முத்திரை விழும். அப்புறம் வருகிற சரக்கு அத்தனையும் அந்த மாதிரிக்கு இம்மி பிசகாமல் இருக்க வேண்டும்.

எல்லையில் பக்கத்து நாட்டான் வாலாட்டத் தொடங்கினான். போகிற வழியெல்லாம் கருவேல முள். "படைக்குச் செருப்பு தயாராகட்டும்" என்றார் ராஜா. மல்லப்பர் மாதிரிச் செருப்போடு ஓடிவந்தார். ராஜா போட்டுக்கொண்டு நாலடி நடந்தார்.

"அடடா! எனக்கென்றே தைத்தது போல இருக்கிறதே!" என்று முத்திரையைக் குத்தினார்.

அவருக்கென்றே தைத்ததுதான்! படைவீரனின் காலை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

மூவாயிரம் ஜோடி வந்து இறங்கியது. இருளப்பன் ஒன்றைக் கையில் எடுத்ததுமே திடுக்கிட்டான்.

"ஐயா, இது ரொம்பச் சின்னதாக இருக்கிறதே?"

"மாதிரியோடு ஒத்திருக்கிறதா?" என்றார் மல்லப்பர்.

"ஒத்துத்தான் இருக்கிறது."

"பிறகென்ன? பேசாமல் வாங்கி அடுக்கு!"

செவ்வாய்க்கிழமை வீரர்களுக்குச் செருப்பு கொடுத்தார்கள். "கட்டைவிரலே நுழையலியே சாமி!" என்றான் ஒருவன். "கழுத்துல மாட்டிக்கிட வேண்டியதுதான்" என்றான் இன்னொருவன். சொன்னபடியே மாட்டிக்கொண்டும் விட்டான். அவனைப் பார்த்து எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து அணிவகுப்பைப் பார்வையிட ராஜா வந்து சேர்ந்தார்.

"என்ன கோலம் இது? யார் வாங்கிய செருப்பு?"

"சரக்கை வாங்கி அடுக்கியவன் இருளப்பன், மகாராஜா" என்றார் மல்லப்பர், கண்ணிமைக்காமல்.

இருளப்பன் மாட்டிக்கொண்டான். செருப்பு சின்னது என்றால் ராஜாவின் பாதம் சின்னது என்று ஆகிவிடும். "செருப்பு மாதிரிப்படிதான் இருக்கிறது, மகாராஜா" என்று மென்று விழுங்கினான்.

"அப்படியென்றால் தப்பு இவர்கள் காலில்தான்!" என்று எடுத்துக் கொடுத்தார் மல்லப்பர். "முத்திரை விழுந்த மாதிரிக்குப் பொருந்தாத காலோடு படையில் சேரலாமா?"

"அதுதானே!" என்றார் ராஜா. "இருளப்பா, வெள்ளிக்கிழமை படை கிளம்ப வேண்டும். இந்தச் செருப்பு பொருந்துகிற ஆட்களைத் தேடிப் பிடித்துக்கொண்டு வா. முடியாவிட்டால் பழையபடி கொள்ளு அளக்கப் போ!"

இருளப்பனுக்குப் பதினாறு வருஷ உழைப்பு போகப்போகிறதே என்ற கவலை ஒருபக்கம். அவன் தோற்றால் இந்த மூவாயிரம் பேரும் வெறுங்காலோடு முள்ளில் நடக்க வேண்டுமே என்ற வேதனை அதைவிடப் பெரிது. ஒரு ஜோடிச் செருப்பை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டு புறப்பட்டான்.

வெள்ளிக்கிழமை காலை ராஜா கோட்டை வாசலுக்கு வந்தார். படையைக் காணோம். செருப்பு ஏற்றிய வண்டிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு முன்னால் சேணம் பூட்டிய ஒரே ஒரு குதிரை. பக்கத்தில் ஒரே ஒரு வேல்.

"எங்கேயடா படை?"

"படை தயார், மகாராஜா. மூன்று நாள் ஊர் ஊராக அலைந்தேன். உழவர், மீனவர், மல்யுத்தக்காரர் என்று ஒருவரையும் விடாமல் போட்டுப் பார்த்தேன். பொருந்துகிற ஆள் இந்த நாட்டிலேயே ஒரே ஒருவர்தான்."

"ஒரு ஆளை வைத்துக்கொண்டு போர் செய்வதா?"

"சாதாரண ஆள் இல்லை, மகாராஜா. மகா வீரர். வழியில் வார் அறுந்தாலும் கவலையில்லை. மாற்றிக்கொள்ள இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஜோடி பின்னாலேயே வருகிறது."

"அப்படிப்பட்டவன் யாரப்பா? கூப்பிடு, பார்ப்போம்!"

இருளப்பன் கைகட்டிக் குனிந்தான். "அவரைக் கூப்பிட நான் யார், மகாராஜா? தாங்களே எழுந்தருளிக் குதிரைமேல் ஏறினால் படை கிளம்பிவிடும்."

மல்லப்பர் மெல்ல ஒரு வண்டிக்குப் பின்னால் நகர்ந்தார். ராஜா குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். தொப்பை மறைத்தது. எக்கிப் பார்த்தார். பிறகு வண்டிகளைப் பார்த்தார். குபீரென்று சிரித்தார் பாருங்கள், குதிரையே மிரண்டுவிட்டது!

"படுபாவி! முள்ளுக்காட்டுக்கு என்னைத் தனியாக அனுப்பப் பார்த்தாயே! சரி, இதற்கு வழி சொல்."

"பத்து நாள் கொடுங்கள், மகாராஜா. இரண்டு ஜோடியைப் பிரித்தால் ஒரு ஜோடி தேறும். பாதிப் பேருக்கு அதுவே போதும். மீதிக்குத் தோல் சொல்லி வைத்திருக்கிறேன்."

"கொடுத்தேன். பிரிக்கிற வேலையை மல்லப்பர் பார்க்கட்டும். அவர் உட்கார்ந்த இடத்தில் இனி நீ உட்கார்!"

இருளப்பன் கும்பிட்டான். ஆனால் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"அடுத்த மாதம் தலைக்கவசம் வாங்க வேண்டும், மகாராஜா. அதற்கும் ஒரு மாதிரி..."

ராஜா இரண்டு கைகளாலும் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டார். "அப்பனே, என் தலையை மட்டும் விட்டுவிடு!"