தணிகாசலத்தின் கோட்டை

மேனேஜர் தணிகாசலத்துக்குத் தான் அமைத்த மெயில் சர்வர் மேல் அப்படியொரு பெருமை. "அது கோட்டை! ஈ, எறும்புகூட நுழையாது" என்பார்.

டெஸ்டர் ரெஜினா, அக்கா கல்யாணத்துக்கு லீவு கேட்டுப் போய் நின்றாள்.

"கோட்டையில ஓர் ஓட்டை காட்டு, தர்றேன். விலைக்கு வாங்கின டெஸ்டிங் சாஃப்ட்வேரைத் தொடக் கூடாது" என்று சிரித்தார்.

ரெஜினா கம்ப்யூட்டரோடு வந்த டெல்நெட் என்ற புரோகிராமைத் திறந்தாள். தட்டுவதை அப்படியே சர்வரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் சாது அது. வணக்கம் சொன்னாள், சர்வரும் சொன்னது. 'அனுப்புபவர் தணிகாசலம்' என்று தட்டினாள். நிஜமா என்று பார்க்காமலே சர்வர் 'சரி' என்றது. கீழே செய்தியையும் தட்டினாள்.

உடனே ஆபீஸ் முழுக்க மெயில் வந்து விழுந்தது: 'ரெஜினாவுக்கு லீவு கொடுத்தாச்சு. இப்படிக்கு, தணிகாசலம்.'

"இதை நான் எழுதவே இல்லையே!" என்று குதித்தார் அவர்.

"எனக்குத் தெரியும் சார். உங்க கோட்டைக்குத்தான் தெரியல" என்றாள் ரெஜினா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.