எக்கிய வயிறு

“மாஸ்டர், எல்லாரும் கோர் கோர்ங்கிறாங்களே, அது எங்கே இருக்கு?”

திரவியம் கேட்டபோது செலின் மாஸ்டர் ஜிம்மில் ராடில் எடைப் பிளேட் மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டி முடித்தாள். கையிலிருந்த சாக் பவுடரைத் தட்டிவிட்டாள். பிறகு ஆள்காட்டி விரலால் அவர் வயிற்றில் ஒரு குத்து குத்தினாள்.

“எங்கே இருக்கு?” என்று அவரையே கேட்டாள்.

அவருக்கு வலித்தது. வேறொன்றும் விளங்கவில்லை.

திரவியத்துக்குத் தூத்துக்குடியில் பாத்திரக்கடை. வயது ஐம்பத்தாறு. மாஸ்டர் அவர் மகள் வயதுக்காரி. பளுதூக்கிப் பதக்கம் வாங்கியவள். உடம்பைத் தேற்றிக்கொள்ள அவர் ஜிம்முக்கு வரவில்லை. மனைவியைத் தூக்க வந்தார்.

லீலாவதிக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு யாராவது தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். பகலில் எஸ்தர் என்ற உதவிக்காரப் பெண் வருவாள். மற்ற நேரமெல்லாம் திரவியம்தான் தூக்குவார்.

போன மாதம் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. எஸ்தர் வரும்வரை இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள்.

அதிலிருந்து லீலாவதி அவரைத் தூக்கவிடுவதில்லை. கோபமெல்லாம் இல்லை. “எஸ்தர் வரட்டுமே” என்பாள். எஸ்தர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுக்கக் கட்டிலிலேயே கிடந்தாள்.

தூக்குவதற்கு முன்னால் கோர் என்கிற நடுவுடம்பை இறுக்க வேண்டும் என்றாள் மாஸ்டர். இறுக்காமல் தூக்கினால் பாரமெல்லாம் முதுகில்தான் போய் விழும்.

திரவியம் இறுக்கினார். அதாவது, ‘ஹுக்’ என்று மூச்சை இழுத்து வயிற்றை எக்கினார். வேட்டி கட்டும்போது வாழ்நாள் முழுக்கச் செய்துவந்தது அதுதான்.

“எக்கச் சொல்லலை, அண்ணாச்சி.”

“அப்போ தள்ளணுமா?”

“தள்ளவும் சொல்லலை.”

உள்ளேயும் போகக்கூடாது, வெளியேயும் வரக்கூடாது என்றால் வயிறு வேறு எங்கேதான் போகும்?

யூடியூபில் ஒருவன் தொப்புளை முதுகெலும்போடு ஒட்ட வைக்கச் சொன்னான். இன்னொருவன் இருமிப் பார்த்தால் தெரியும் என்றான். கடையில் நின்று இருமிப் பார்த்தார். இட்லிப் பானை பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் பானையை வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

வீட்டில் கண்ணாடி முன்னால் எக்கிப் பார்த்ததை லீலாவதி கவனித்துவிட்டாள்.

“பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் இப்படித்தான் எக்கிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. மூச்சை விடுங்க. அதான் கட்டிக்கிட்டேனே.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடே அவர் கையை நீட்டினார்.

அவள் சிரிப்பு நின்றது. “எஸ்தர் வரட்டுமே.”

மறுநாள் திரவியம் மாஸ்டர் முன்னால் போய் நின்றார். தனக்கு இது வராது என்றார். மற்றவர்களுக்கு இருக்கலாம், தன் உடம்பில் அப்படி ஒன்றைக் கடவுள் வைக்கவே இல்லை என்றார்.

மாஸ்டர் பெஞ்சைக் காட்டினாள். “படுங்க.”

ஏதோ பயிற்சி என்று நினைத்துப் படுத்தார். அவள் ஒரு கையை அவர் முதுகுக்கு அடியிலும் மறு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்தாள்.

“என்ன செய்றீங்க?”

“தூக்கப்போறேன்.”

வேண்டாம் என்றார். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றார். தன் எடையைச் சொன்னார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

அவரைப் போலவே ‘ஹுக்’ என்று மூச்சை இழுத்தாள். அவரைப் போலவே வயிற்றை எக்கினாள். தூக்கினாள்.

பெஞ்சுக்கு ஒரு சாண் மேலே அவர் ஆடினார். கை தானாகப் போய் அவள் பனியன் கழுத்தைப் பிடித்தது. கண் தானாக மூடிக்கொண்டது.

இறக்கினாள். மூச்சுவிட நேரம் கொடுக்காமல் மறுபடி தூக்கினாள்.

இந்தத் தடவை சத்தமே இல்லை. தூணைக் கட்டிக்கொண்டு மேலே போவதுபோல் இருந்தது. என்ன மாற்றினாள் என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணை இன்னும் திறக்கவில்லை.

“உங்க வயித்தைத் தொட்டுப் பாருங்க” என்றாள், அந்தரத்தில் பிடித்தபடியே.

தொட்டார். கட்டை மாதிரி இருந்தது. எக்கியிருக்கவில்லை. தள்ளியிருக்கவும் இல்லை.

“யார் இறுக்கினது?”

“தெரியலை, மாஸ்டர்.”

“எதுக்கு இறுகிச்சு?”

“நீங்க கீழே போட்டுருவீங்களோன்னு.”

இறக்கிவிட்டாள்.

“முதல் தடவை எதைப் பார்த்துப் பயந்தீங்க?”

திரவியம் யோசித்தார். “பார்க்கலை. கேட்டேன். உங்க மூச்சை.”

“வீட்டுக்குப் போங்க, அண்ணாச்சி” என்றுவிட்டு மாஸ்டர் ராடுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்கூட்டரில் போகும்போதும் குழப்பம் தீரவில்லை. தூக்கக் கற்றுக்கொள்ளப் போனவரைத் தூக்கிக் காட்டி அனுப்பிவிட்டாள். இதில் பாடம் எது? காட்டியது யாருடைய கோர்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எஸ்தர் வரவில்லை.

திரவியம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வழக்கமாக, பயப்படாதே என்றுதான் ஆரம்பிப்பார். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

“மாஸ்டர் என்னைத் தூக்கினாங்க, லீலா.”

அவள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. “இந்த உடம்பையா? கண்ணை மூடிக்கிட்டீங்களா?”

“மூடிக்கிட்டேன்.”

“எனக்கும் மூடிக்கத்தான் தோணும். எப்பவுமே.”

பிறகு அவளாகவே கையை அவர் கழுத்தில் போட்டாள்.

அவர் குனிந்து கைகளை அடியில் கொடுத்தார். எக்குவதா, தள்ளுவதா என்ற கேள்வி வந்தது. அதற்குள் லீலாவதியின் தலை அவர் தோளில் சாய்ந்துவிட்டது. இவளைப் போட்டுவிடக்கூடாது. அவ்வளவுதான் தெரிந்தது. நிமிர்ந்தார்.

கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நின்றார். அறையில் சத்தமே இல்லை. சட்டைக் காலரைத் தேடிய அவள் விரல்கள் பாதியில் நின்றன. அவள் கண்ணை மூடியிருக்கிறாளா என்று பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

“ஏங்க,” என்றாள் லீலாவதி, “ஃபேனுக்கு மேலே எவ்வளவு ஒட்டடை பாருங்க.”