அரைச் செம்புத் தண்ணீர்

ஒரு ஊரில் ஓர் ஆலயம். அதன் பின்புறம் வேப்பமரத்தடியில் ஓர் அடிபம்பு நின்றது. குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் தெருவே அதனிடம்தான் குடத்தோடு வந்து நிற்கும். ஞானஸ்நானத் தொட்டிக்கும் அதன் தண்ணீர்தான். அதில் பம்புக்குக் கொள்ளைப் பெருமை.

வயதாக ஆக அதற்கு ஒரு குறை வந்து சேர்ந்தது. ராத்திரியில் தொண்டையில் நிற்கும் தண்ணீர் மெல்லக் கீழே இறங்கிவிடும். உள்ளே தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் தோல் வாஷர் காய்ந்துபோகும். ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் ரெத்தினபாய் காலையில் வந்து, அதன் வாயில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி அடித்தால்தான் உண்டு.

அந்த ஒரு செம்புதான் பம்பின் மானத்தை வாங்கியது.

"ஊருக்கே ஊத்துறவன் நான். எனக்கு ஒருத்தி வந்து ஊத்தணுமா?"

அதனால் ராத்திரி முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொண்டைத் தண்ணீரை இறங்கவிடாமல் தாங்கிப் பார்த்தது. ஒரு நாளாவது யார் தயவும் இல்லாமல் கொட்டிக் காட்டிவிட வேண்டும் என்று வீம்பு. என்ன இறுக்கியும் விடிவதற்குள் சொட்டுச் சொட்டாக எல்லாம் போய்விடும். எத்தனையோ ராத்திரி இப்படியே போயிற்று. உடம்பெல்லாம் வலி. பகலில் யாராவது கைப்பிடியைத் தொட்டாலே எரிச்சல்.

காலை ஜெபத்தில் ஜனங்கள் அன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைக் கேட்பது அதன் காதிலும் விழும். "நேத்தும் கேட்டாங்க, இன்னைக்கும் கேக்காங்க. வருஷத்துக்கும் சேத்து ஒரேயடியா வாங்கி வச்சுக்கிட்டா என்னவாம்?" என்று முனகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். குழாயில் தண்ணீர் வந்து நாளாகிவிட்டது. ரெத்தினபாய் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் செம்போடு வந்தாள்.

"ஏ அய்யா, இன்னைக்காவது முரண்டு பண்ணாம வந்துரு. புள்ளைக்கு ஞானஸ்நானம்."

பாதியை ஊற்றினாள். விடிய விடிய இறுக்கிக் களைத்திருந்த பம்புக்கு அந்த நேரம் எல்லாமே வெறுத்துப்போனது. ஊற்றிய தண்ணீரைப் பிடித்துக்கொள்ளாமல் அப்படியே கீழே விட்டுவிட்டது. அவள் அடித்தாள், அடித்தாள். கொர்கொர் என்று வெறுங்காற்றுதான் வந்தது.

"இன்னும் அரைச் செம்புதான் கெடக்கு. அதையும் குடிச்சிட்டுக் கைய விரிச்சேன்னா நான் எங்க போவேன்?" செம்பைக் குடத்தருகே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் மணி அடிக்கப் போனாள்.

"அண்ணாச்சிக்குத் தூக்கமில்ல போல," என்றது குடம். "நான் பாட்டுக்குக் காலியா உருண்டு கெடக்கேன். எனக்கு நல்லா தூக்கம் வருது."

"வாயை மூடு," என்றது பம்பு.

செம்பு மெதுவாகக் கேட்டது: "ஏன் அண்ணாச்சி கீழே விட்டீங்க?"

"அலுத்துப்போச்சு. சாகுற வரைக்கும் அடுத்தவங்க கையையே பாத்துக்கிட்டுக் கெடக்கணுமா? வந்தா என் தண்ணி வரட்டும். இல்லேன்னா ஒண்ணும் வர வேண்டாம்."

"எனக்குள்ள இருக்கது யார் தண்ணின்னு நெனச்சீங்க? நேத்து சாயங்காலம் நீங்க குடுத்ததுதான். தினமும் கடைசியா ஒரு செம்பு பிடிச்சு மூடி வச்சிட்டுத்தான் அந்தம்மா வீட்டுக்குப் போவும். உங்களுக்காகத்தான்."

பம்புக்குச் சட்டென்று உயிர் வந்தது. "அப்போ அது என்னோடதுதானே! நான் யார்கிட்டயும் கை ஏந்தலையே!"

"அண்ணாச்சியோடதாம்ல!" என்று குடம் சிரித்தது.

செம்பு சிரிக்கவில்லை. "நேத்து அது உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"கீழேருந்து."

"கீழே யாரு வச்சது?"

பம்பு இருட்டுக்குள் இறங்கிப்போகும் தன் குழாயை நினைத்துப் பார்த்தது. அதன் நுனியில் எப்போதும் தண்ணீர் சில்லென்று தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஊற்றை அது தோண்டியதுமில்லை, நிரப்பியதுமில்லை. பெய்த மழையெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டா மண்ணுக்குள் இறங்கியது? வெட்கமாக இருந்தது. அழ வேண்டும்போல இருந்தது. அழக்கூட உள்ளே ஈரமில்லை.

"எனக்கு ரொம்ப அசதியா இருக்கு," என்றது. யாரிடமும் அது இப்படிச் சொன்னதே இல்லை.

"அப்போ வாயைத் திறங்க," என்றது செம்பு.

மணிச்சத்தம் ஓய்ந்தது. ரெத்தினபாய் வந்து, "ஆண்டவரே, நீர்தான் பாத்துக்கிடணும்," என்று மிச்சத்தையும் ஊற்றினாள். காய்ந்த தோல் அதைக் குடித்து உப்பியது. பம்பு இந்த முறை பிடித்துக்கொண்டது. கைப்பிடி கனத்தது. குடம் வாய் நிறைய வாங்கிக்கொண்டு பேச்சை நிறுத்தியது.

கொஞ்ச நேரத்தில், தலையில் தண்ணீர் பட்ட குழந்தை வீறிட்டு அழும் சத்தம் வேப்பமரம் வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் ரெத்தினபாய் கடைசியாக ஒரு செம்பு பிடித்து, மூடி, ஆலயத்து ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போனாள். இருட்டியதும் பம்பு பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தது. பிறகு ஜன்னலைப் பார்த்தது. பிடித்ததை விட்டது. தண்ணீர் வந்த வழியே இறங்கிப் போயிற்று.

தொண்டையில் ஒரு சொட்டுகூட இல்லாமல், பல நாளைக்குப் பிறகு, அது நன்றாகத் தூங்கியது.